அண்மையும் சேய்மையும்: வன்னி நிலக்காட்சியும் நிழற்படத்தின் அறமும்

காண்பது கண்ணின் தொழில். எதைக் காண்பது, எங்கு நின்று காண்பது என்பன மனத்தின் தெரிவுகள். தெரிவு உள்ள இடத்திற் பொறுப்பும் உண்டு. பொறுப்பு உள்ள இடத்தில் அறம் பற்றிய வினாவும் உண்டு. நிழற்படக் கலையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒளி, நிழல், வண்ணம், அமைப்பு என்பவற்றையே பேசுவர். படமெடுப்பவர் பொருளுக்கு எவ்வளவு அண்மையில் நின்றார், எவ்வளவு சேய்மையில் நின்றார் என்பதும் ஒரு தொழில்நுட்பச் செய்தியாகவே கொள்ளப்படுகின்றது. ஆயின், சில நிலங்களில் அந்தத் தூரம் வெறும் அடிக்கணக்கன்று. இலங்கையின் வன்னிப் பெருநிலம் அத்தகைய நிலங்களுள் ஒன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களின் குளங்களையும் வயல்களையும் வீட்டு வளவுகளையும் படமாக்க முனையும் ஒருவர், பூவொன்றை நெருங்கிக் காட்டுவதா, வெளியை விரித்துக் காட்டுவதா எனத் தீர்மானிக்கும்போது, அறிந்தோ அறியாமலோ ஓர் ஒழுக்க வினாவுக்கு விடையளிக்கின்றார். இவ்வளவு துயர் நிகழ்ந்த நிலத்தின் அழகைப் படமாக்கலாமா, ஆக்கலாமெனின் எங்கு நின்று ஆக்குவது என்பதே அவ்வினா. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலக்காட்சி நிழற்படம் என்றவுடன் பலரது மனக்கண்ணில் எழுவது மேலைத்தேய இலையுதிர்காலமே. சுவர் நாட்காட்டிகளிலும், கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் உறவினர் அனுப்பும் படங்களிலும் அக்காட்சி மீண்டும் மீண்டும் வருகின்றது. செம்மஞ்சள் நிறங்கொண்ட மேப்பிள் மரங்கள், இலை மூடிய பாதை, தனித்து விழுந்த ஓர் இலையின் நரம்புகள் என அது ஒரு வாய்பாடாகவே அமைந்துவிட்டது. அதன் இயற்கைக் காரணம் எளியது. பகற்பொழுது குறுகிக் குளிர் நெருங்கும்போது இலையிலுள்ள பச்சையம் சிதைகின்றது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறப்பொருள்கள் வெளிப்படுகின்றன. சில மரங்களிற் செந்நிறப் பொருளொன்று புதிதாக உருவாகின்றது. பின்னர் இலைக்காம்பின் அடியில் ஒரு பிரிபடை தோன்ற, இலை உதிர்கின்றது. வரவிருக்கும் கடும் பருவத்தைத் தாங்குவதற்காக மரம் மேற்கொள்ளும் துறவு எனலாம்.

வன்னியில் அத்தகையதொரு காலம் இல்லை. தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளுள்ளும் அது இல்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் பகுப்பு மழையையும் பனியையும் வெயிலையும் அடிப்படையாகக் கொண்டதேயன்றி இலையை அடிப்படையாகக் கொண்டதன்று. மேலைநாடுகளில் இலை உதிரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வன்னியில் மழை பொழிகின்றது. காலபோக நெல் முளைக்கின்றது. வற்றிய குளங்கள் நிறைகின்றன. அங்கே மரம் வெறுமை கொள்ளும் வேளையில் இங்கே நிலம் பச்சை கொள்கின்றது. வன்னியின் உதிர்வுக் காலம் வேறு. ஆனி, ஆடி மாதங்களிற் சோளகக் காற்று ஓயாது வீச, குளத்து நீர் உள்வாங்கிச் சேறு வெடிக்க, முதிரை போன்ற மரங்கள் இலை குறைந்து நிற்கும். பாலையும் வீரையும் அப்போதும் பச்சை மாறா. வன்னிக் காட்டின் பெரும்பகுதி உலர் வலயத்துக்குரிய பசுமை மாறாக் காடு. இங்கு உதிர்வுக்குக் காரணம் குளிரன்று, வரட்சி. அவ்வரட்சியின் நடுவிலேதான் பாலை மரம் இனிய மஞ்சட் பழங்களைத் தருகின்றது என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஆகவே, மேலைத்தேய வாய்பாட்டை உள்ளத்தில் வைத்துக்கொண்டு வன்னியில் ஒரு செந்நிற இலையைத் தேடி அலையும் கமரா முதற் பிழையை அங்கேயே செய்துவிடுகின்றது. அது நிலத்தைக் காணவில்லை. முன்பு கண்ட படத்தையே நிலத்திலே தேடுகின்றது. இப்பிழை அழகியற் பிழை மட்டுமன்று. ஒரு நிலத்தை அதன் சொந்தப் பொழுதிலே காண மறுப்பது, அந்நிலத்து மக்களின் வாழ்வையும் காண மறுப்பதன் தொடக்கமாகும்.

இனி, அண்மைக் காட்சியின் இயல்பை நோக்குவோமாயின், பொருளை அதன் சூழலிலிருந்து பிரித்தெடுப்பதே அதன் அடிப்படைத் தொழில் என்பது புலனாகும். வில்லை பொருளை நெருங்க நெருங்கத் தெளிவாகத் தோன்றும் பகுதி மெலிந்து செல்கின்றது. பின்னணி வடிவமிழந்து வெறும் வண்ணமாகக் கரைகின்றது. அமெரிக்க நிழற்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930 ஆம் ஆண்டில் ஒரு குடைமிளகாயை மிக அருகிலிருந்து எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. நாள்தோறும் சமையலறையிற் கைபடும் காயொன்று அப்படத்திலே சிற்பத்தின் திண்மையைப் பெறுகின்றது. அண்மைக் காட்சியின் சிறப்பு இதுவே. அது சிறியதை மதிக்கக் கற்பிக்கின்றது. விரைந்து செல்லும் மனிதனை நிறுத்திக் குனிய வைக்கின்றது. குனிதல் என்பது உடலின் பணிவு. அதனூடாக மனத்துக்கும் ஒரு பணிவு வாய்க்கலாம்.

ஆயினும், அதன் குறையும் அச்சிறப்பிலேயே அடங்கியுள்ளது. கார்த்திகைப் பூவை எடுத்துக்கொள்ளலாம். மழை தொடங்கியதும் வேலிகளிலும் பற்றைகளிலும் படர்ந்து பூக்கும் இக்கொடியின் இதழ்கள் பின்னோக்கி வளைந்து, அடியில் மஞ்சளும் நுனியிற் சிவப்புமாகச் சுடர்போல் எழுவன. கமராவின் அண்மைக் காட்சிக்கு இதைவிட ஏற்ற மலர் அரிது. இதுவே சங்க இலக்கியம் போற்றும் காந்தள். இதுவே தமிழ்நாட்டின் மாநில மலர். சிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. விடுதலைப் புலிகள் தமிழீழத்தின் தேசிய மலராக ஏற்றுக்கொண்டதும் இதனையே. இதன் கிழங்கு கொடிய நஞ்சு. அக்கிழங்கிலுள்ள கொல்சிசின் என்னும் பொருள் அளவோடு மருந்து. இத்தனை செய்திகளுள் எதனையும் இதழின் வளைவைக் காட்டும் படம் சொல்வதில்லை. பின்னணி கரைந்த அப்படம் வன்னியில் எடுக்கப்பட்டதா, சேலத்தில் எடுக்கப்பட்டதா, ஆபிரிக்கக் காட்டோரத்தில் எடுக்கப்பட்டதா என்பதைப் பூவைக்கொண்டு அறிய இயலாது. மலர் எங்கும் ஒன்றே. அது மலர்ந்த இடமும் காலமும் ஒன்றல்ல.

பூ பொய் சொல்வதில்லை. ஆனால், பூவை மட்டும் காட்டும் தெரிவு பொய்யாக முடியலாம். 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களிலும் வன்னி மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்து முல்லைத்தீவின் கரையோரத்துக்கு ஒதுங்கினர். போர் முடிந்த பின்னர் முகாம்களிலிருந்து திரும்பியவர்கள் கண்டவை கூரையற்ற சுவர்களும் காடு மூடிய வளவுகளுமாம். வேலிக்கு நட்ட பூவரசுக் கதியால்கள் வெட்டுவாரின்றி மரங்களாகி நின்றன. கிணற்றடியிற் செவ்வரத்தை பூத்திருந்தது; தேசி மரம் காய்த்து உதிர்ந்திருந்தது. அத்தகைய வளவொன்றின் செவ்வரத்தைப் பூவைப் பின்னணி கரைய எடுத்த படம் அழகிய படமாகவே இருக்கும். ஆனால், அப்பூவை நட்டவர் யார், அதற்கு நீர் வார்த்த கை இன்று எங்கே என்னும் வினா கரைந்த பின்னணியோடு கரைந்துபோகும். துன்பத்தை மறைக்க வேண்டுமென்ற எண்ணம் படமெடுத்தவருக்கு இருந்திருக்க வேண்டியதில்லை. வில்லையின் இயல்பே அம்மறைப்பைச் செய்துவிடுகின்றது.

அவ்வாறாயின் பின்னோக்கி நகர்ந்து, முழு வெளியையும் காட்டும் சேய்மைக் காட்சியே நேர்மையானது என முடிவு செய்யலாமா? அதுவும் எளிதன்று. முதலாவதாக, வன்னியிற் பின்னோக்கி ஓரடி வைப்பதே சில இடங்களில் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. கிளிநொச்சி மாவட்டத்தின் வட எல்லையிலுள்ள முகமாலைப் பகுதி இரு தரப்பினரின் முன்னரங்குகள் நீண்ட காலம் எதிரெதிரே நின்ற இடம். நிலக்கண்ணிகள் செறிந்த நிலங்களுள் ஒன்றாக அது விளங்கியது. அவற்றை அகற்றும் பணி போர் முடிந்த பின்னரும் பல்லாண்டுகள் தொடர்ந்தது. தலையிழந்த பனைகள் வானத்தை நோக்கி நிற்கும் அவ்வெளியை வீதியில் நின்று விரித்துக் காட்டும் படம், மண்ணுக்குள் இருப்பதைக் காட்டாது. பரந்த காட்சியும் அறியாமையோடு கூடியதே.

இரண்டாவதாக, சேய்மையிலிருந்து காணும் பார்வைக்கு வரலாற்றில் ஒரு குணம் உண்டு. அது பெரும்பாலும் ஆள்வோரின் பார்வை. பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் ஜே. பி. லூயிஸ் என்னும் நிருவாக அதிகாரி எழுதி 1895 இல் வெளிவந்த வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படும் அரிய நூலாகும். எனினும், நிலத்தையும் மக்களையும் ஆட்சியின் உயரத்திலிருந்து தொகுத்து நோக்கும் பார்வையே அதன் பார்வை. நிலப்படமும் அளவையும் கணக்கெடுப்பும் அப்பார்வையின் கருவிகள். அவை இன்றியமையாதவை, ஆனால், அவற்றில் எந்தக் குடியானவனுக்கும் முகம் இல்லை.

இருபத்தோராம் நூற்றாண்டிலே வன்னி மக்கள் இப்பார்வையின் மற்றொரு வடிவை அறிந்தனர். போர்க்காலத்தில் வானிலே வட்டமிட்ட ஆளில்லா வேவு விமானத்தை அவர்கள் 'வண்டு' என்று அழைத்தனர். அதன் இடைவிடாத இரைச்சலே அப்பெயருக்குக் காரணம். அந்த இரைச்சல் கேட்டால் எறிகணையோ குண்டுவீச்சோ தொடரக்கூடும் என்பதை அனுபவம் அவர்களுக்குக் கற்பித்திருந்தது. படம் எடுக்கப்படுதல் என்பது அவர்களுக்கு இலக்காக்கப்படுதலாக இருந்தது. இன்று திருமண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் பறக்கும் சிறு கமராக்கள் நந்திக்கடலையும் வயல்வெளியையும் வானிலிருந்து எடுக்கும் காட்சிகள் மிக அழகியவை. ஆயின் அந்தச் சிறு இரைச்சலைக் கேட்டுத் தலைநிமிரும் முதியவரின் முகத்தில் ஒரு கணம் தோன்றக்கூடியதை அக்கமரா காண்பதில்லை. அது அதற்குரிய உயரமன்று.

ஆனால், இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 2009 இல் சுயாதீன ஊடகவியலாளர் போர்ப் பகுதிக்குள் அனுமதிக்கப்படாத நிலையில், வெளியுலகுக்குக் கிட்டிய சான்றுகளுட் செய்மதிப் படங்கள் முக்கியமானவை. ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் செய்மதிப் பட ஆய்வுப் பிரிவு, 'பாதுகாப்பு வலயம்' என அறிவிக்கப்பட்டிருந்த கரையோரத்தின் படங்களை ஆராய்ந்து, அங்கு எறிகணைக் குழிகளும் சேதமடைந்த கட்டடங்களும் காணப்படுவதைப் பதிவு செய்தது. மிகத் தொலைவிலுள்ள கண் சாட்சியாகியது. அதே ஆண்டில், வவுனியா மாவட்டத்திலே செட்டிகுளத்தையடுத்த முகாம்களில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் தங்கவைக்கப்பட்டபோது, வானிலிருந்து எடுத்த படங்களிற் கூடாரங்கள் வரிசை பிசகாத ஒரு கோலம்போலத் தோன்றின. ஒரே உயரம் ஓரிடத்தில் உண்மையைக் காட்டியது. இன்னோரிடத்தில் துயரை ஒழுங்காக மாற்றியது. ஆதலால், சேய்மை தானே நேர்மையுமன்று, தானே கொடுமையுமன்று என்பது தெளிவாகின்றது.

மனிதரே இல்லாத நிலக்காட்சி போரைப் பற்றிப் பேச முடியுமா என்ற வினாவுக்கு நிழற்பட வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு விடை உண்டு. ஆங்கிலேயரான றொஜர் ஃபென்ரன் 1855 இல் கிரைமியப் போர்க்களத்திலே ஒரு பள்ளத்தாக்கைப் படமெடுத்தார். அப்படத்திற் போர்வீரர் இல்லை, பிணம் இல்லை, வெறும் பாதையும் சரிவும் சிதறிக் கிடக்கும் பீரங்கிக் குண்டுகளும் மட்டுமே. அவ்விடத்தில் எடுக்கப்பட்ட படங்கள் இரண்டு கிடைத்துள்ளன. ஒன்றிற் குண்டுகள் பாதையோரப் பள்ளத்தில் மட்டும் கிடக்கின்றன. மற்றதிற் பாதை மீதும் கிடக்கின்றன. படத்தின் விளைவைக் கூட்டுவதற்காகக் குண்டுகள் பாதையிற் பரப்பப்பட்டனவா என்னும் வாதம் நெடுங்காலமாக நிகழ்ந்து வந்துள்ளது. வெறுமையும் பேசும் என்பது இப்படம் தரும் முதற் பாடம். உண்மையை இன்னும் உரக்கப் பேசச் செய்யும் ஆசை உண்மைக்கே ஊறு விளைவிக்கும் என்பது அது தரும் இரண்டாவது பாடம். வன்னியின் துயரைக் காட்டுவோருக்கும் இப்பாடம் பொருந்தும். ஒரு குழந்தையின் செருப்பைத் தூக்கி ஒளி நன்றாக விழும் இடத்தில் வைத்துப் படமெடுப்பவர், அச்செருப்புக்குரிய குழந்தையை இரண்டாம் முறை அப்புறப்படுத்துகின்றார்.

இவ்விடத்தில் இரு எதிரெதிர் வாதங்களை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. இத்தகைய நிலத்தில் அழகைத் தேடுவதே குற்றம் என்பது முதல் வாதம். பலர் மாண்ட மண்ணிற் பூவைக் காட்டுவது மாண்டோரை மறக்கச் செய்யும் சூழ்ச்சிக்குத் துணைபோவதாகும் என இவ்வாதத்தினர் கூறுவர். அழகு எங்கு இருப்பினும் அழகே. கலைஞனுக்கு அரசியலும் வரலாறும் வேண்டியதில்லை என்பது இரண்டாவது வாதம். கலை கலைக்காகவா, மக்களுக்காகவா என ஈழத்து இலக்கிய உலகில் 1960களிலும் 1970களிலும் நிகழ்ந்த விவாதத்தின் எதிரொலியை இவற்றிற் கேட்கலாம்.

இரண்டாவது வாதத்தின் குறை மேலே காட்டப்பட்டது. சட்டகத்துக்குள் அமைவதைத் தெரிபவர், வெளியே விடப்படுவதையும் தெரிகின்றார். ஆதலால், பொறுப்பிலிருந்து அவர் விலக முடியாது. முதல் வாதமோ உணர்ச்சி வலிமை மிக்கது. எனினும் அதுவும் முழுமையானதன்று. அது வன்னியைத் துயரின் நிலமாக மட்டுமே காண்கின்றது. போர் முடிந்த ஆண்டுகளிற் கிளிநொச்சியில் வீழ்ந்து கிடந்த பெரும் நீர்த்தாங்கியின் முன்னே நின்று தென்னிலங்கைச் சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொண்டனர். இடிபாட்டை மட்டுமே தேடி வரும் நல்லெண்ணமுள்ள கமராவும், வெற்றியை மட்டுமே தேடி வந்த அந்தக் கமராவும் ஓர் இடத்தில் ஒன்றுபடுகின்றன: இரண்டும் அங்கு வாழ்பவரின் வாழ்வைக் காணவில்லை. அமெரிக்கச் சிந்தனையாளர் சூசன் சொன்ராக் 1977 இல் நிழற்படம் பற்றி எழுதிய நூலிலே துயரப் படங்களின் பெருக்கம் உணர்வை மழுங்கச் செய்யும் என வாதிட்டார். 2003 இல் வெளிவந்த பிறர் துயரை நோக்குதல் பற்றிய நூலில் அக்கருத்தைத் தாமே மீளாய்வுக்கு உட்படுத்தினார். ஒரே வகைப் படம் எல்லா நேரத்திலும் ஒரே விளைவைத் தரும் எனக் கொள்ள முடியாது என்பதையே இது உணர்த்துகின்றது.

வன்னி மக்கள் தாமே தமது நிலத்தின் அழகை அறியாதவரல்லர். திரும்பி வந்தவர்கள் முதலிற் செய்தவற்றுள் ஒன்று கிணற்றை இறைத்தது. மற்றொன்று முற்றத்தைக் கூட்டி ஒரு பூமரத்தை நட்டது. உண்ணுவதற்கே போதாத காலத்திற் பூமரம் எதற்கு என்று எவரும் அவர்களைக் கேட்கவில்லை. அழகு அவர்களுக்குத் துயரின் மறுப்பன்று. வீடு மீண்டும் வீடாகியதற்கான அடையாளம். வெளியிலிருந்து வருபவர் அவ்வழகைக் குற்றமெனக் கூறின், அவர் அம்மக்களுக்குத் துயரத்தை மட்டுமே உரிமையாக வழங்குகின்றார்.

அண்மைக்கும் சேய்மைக்கும் உள்ள இம்முரணுக்குத் தீர்வு தேடுகையில், தமிழின் திணைக் கோட்பாடு துணை செய்யும் எனத் தோன்றுகின்றது. தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுக்கின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய மரம், பூ, பறவை, விலங்கு, தொழில் முதலியன கருப்பொருள். மனித வாழ்வின் ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று சிறந்து செல்வன; உரிப்பொருளே தலையாயது. நிழற்படத்தின் மொழியிற் கூறுவதாயின், சேய்மைக் காட்சி முதற்பொருளைத் தருவது. அண்மைக் காட்சி கருப்பொருளைத் தருவது. கார்த்திகைப் பூவின் அண்மைப் படம் முதற்பொருள் இழந்த கருப்பொருள். செய்மதிப் படம் கருப்பொருள் இழந்த முதற்பொருள். உரிப்பொருளோ இரண்டிலும் நேராகத் தோன்றாது. நிலத்தையும் பூவையும் மனிதனோடு பிணைக்கும் உறவிலேதான் அது பிறக்கின்றது.

பாலைத் திணையின் விளக்கம் இங்கு மேலும் பொருந்துவது. பாலைக்குத் தனி நிலம் இல்லை என்பதும், முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்தபோது பாலை என்னும் வடிவைக் கொள்ளும் என்பதும் சிலப்பதிகாரம் தரும் கொள்கை. அதன் உரிப்பொருள் பிரிவு. வன்னி காட்டாலும் மேய்ச்சலாலும் முல்லை. குளத்தாலும் வயலாலும் மருதம். முல்லைத்தீவின் கரையால் நெய்தல். இம்மூன்று நிலங்கள் மீதும் பிரிவு வந்து படிந்தது. ஆதலால், வளம் நிறைந்த கார்காலத்து வயலின் படமும் உரிப்பொருளால் பாலைப் படமாக இருத்தல் கூடும். பச்சை நிறம் நிறைந்திருப்பதனால் அது மகிழ்ச்சிப் படமென்று கொள்வது திணையறியாமையாகும்.

தூரம் என்பது எவரது தெரிவு என்ற வினாவும் இதனோடு இணைந்தது. படமெடுப்பவர் தாம் விரும்பியவாறு நெருங்கலாம், விலகலாம். நிலத்துக்குரியவருக்கு அவ்வுரிமை எப்போதும் இருந்ததில்லை. முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவில், பிலவுக்குடியிருப்பு மக்கள் 2017 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் படையினர் வசமிருந்த தமது காணிகளைக் கோரி வீதியோரத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் இரவும் பகலும் அமர்ந்திருந்தனர். முட்கம்பிக்கு அப்பால் நின்ற தம் தென்னைகளையும் மாமரங்களையும் அவர்கள் வேலிக்கு வெளியிலிருந்தே காண வேண்டியிருந்தது. தம் வளவே அவர்களுக்குச் சேய்மைக் காட்சியாக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் அக்காணிகள் விடுவிக்கப்பட்டபோது அவர்கள் அடைந்தது நிலம் மட்டுமன்று. அண்மையில் நின்று காணும் உரிமையுமாகும். மரத்தைத் தொட்டுப் பார்க்கும் தூரம் ஒருவருக்குக் கலையுத்தி, இன்னொருவருக்கு நீதி.

இதன் எதிர்முனையில் நிற்பது வன்னியில் மிகுதியாகக் கண்ணிற்படும் மற்றோர் அண்மைப் படம். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டமொன்றைத் தொடங்கினர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அது பரவியது. தாய்மார் தம் கைகளில் ஏந்தியிருந்தவை பெரும்பாலும் அடையாள அட்டைக்கென எடுக்கப்பட்டுப் பின்னர் பெருப்பிக்கப்பட்ட முகப்படங்கள். பின்னணி வெறுமையானது, ஒளி தட்டையானது, கலைநயம் எதுவும் நாடப்படாதது. அம்முகத்துக்குரிய இடம் எது என்பதே அத்தாயின் வினா. முதற்பொருள் இழந்த அண்மைக் காட்சியின் துயரத்தை இதைவிடத் தெளிவாக எந்தக் கலைக் கோட்பாடும் விளக்கமாட்டாது. இப்படத்தை ஏந்தியவர் வாழும் நிலத்திலே பூவின் பின்னணியைக் கரைத்துப் படமெடுப்பவர், பின்னணி கரைவது என்றால் என்னவென்பதைச் சிந்தித்தே ஆகவேண்டும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? விடையை வன்னி விவசாயியின் அன்றாடப் பார்வையிலேயே காணலாம். அவர் வயலிற் குனிந்து நெற்பயிரின் தாளைப் பிரித்துப் பார்க்கின்றார். இலை நுனி மஞ்சளித்திருப்பின் அது அவருக்கு வண்ண அழகன்று, நோயின் குறி. பின்னர் அவர் குளக்கட்டில் ஏறி நின்று நீர்மட்டத்தை நோக்குகின்றார். இரணைமடுக் குளத்தின் நீரளவைக் கொண்டே சிறுபோகத்தில் எவ்வளவு நிலம் விதைக்கப்படலாம் என்பது தீர்மானிக்கப்படுகின்றது. தாளைப் பார்த்து நீரைப் பார்க்காதவர் அறுவடை காணார். நீரைப் பார்த்துத் தாளைப் பார்க்காதவரும் காணார். அ. பாலமனோகரன் 1973 இல் வெளியிட்ட 'நிலக்கிளி' நாவல் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு வன்னி வாழ்வைச் சித்திரித்தபோது, காடும் குளமும் அங்கு திரைச்சீலைகளாக அமையவில்லை. மாந்தரின் உழைப்போடும் மனத்தோடும் பிணைந்தே நின்றன. நிழற்படக் கலை கற்கவேண்டிய பாடம் அதுவே.

நிழற்படத் தொழில்நுட்பமும் இதே பாடத்தைத் தன் வழியிற் கூறுகின்றது. வெஸ்டன், அன்சல் அடம்ஸ் முதலிய கலைஞர் 1932 இற் சான் பிரான்சிஸ்கோவில் அமைத்த குழு, 'எஃப் 64' என்பதைத் தன் பெயராகக் கொண்டது. வில்லையின் துவாரத்தை மிகச் சிறிதாக்கும் அளவைக் குறிக்கும் எண் அது. துவாரம் பெரிதாயின் பூ தெளியும், வெளி கரையும். துவாரம் சிறிதாகச் சிறிதாக அருகிலுள்ள பூவும் தொலைவிலுள்ள மரவரிசையும் ஒருங்கே தெளிவு பெறும். ஆனால், அதற்கு ஒரு விலை உண்டு. சிறு துவாரம் சிறிதளவு ஒளியையே உள்ளே விடும். ஆகவே கமராவை முக்காலியில் நிறுத்தி நெடுநேரம் அசையாது காத்திருக்க வேண்டும். அண்மையையும் சேய்மையையும் ஒருங்கே காண விரும்புபவருக்கு வேண்டியவை இரண்டு: தன்னைச் சிறிதாக்கிக்கொள்ளுதல், நேரம் கொடுத்தல். இவை பௌதிகவியல் விதிகளாயினும் ஒழுக்க விதிகளாகவும் அமைகின்றன. ஓடும் பஸ்ஸின் யன்னலினூடாக ஏ9 வீதியோர வன்னியை எடுத்துச் செல்பவருக்கு அண்மையும் வாய்ப்பதில்லை, சேய்மையும் வாய்ப்பதில்லை. விரைவு மட்டுமே வாய்க்கின்றது.

ஆகவே, துயர் நிகழ்ந்த நிலத்தின் அழகைப் படமாக்கலாமா என்ற வினாவுக்கு விடை, ஆக்கலாம் என்பதே. ஆனால், அதற்கு நிபந்தனைகள் உள. அப்படம் எந்த நிலத்தில், எந்தப் பொழுதில் எடுக்கப்பட்டது என்பதை மறைக்கலாகாது. பூவை எடுத்தவர் அந்த வளவையும் காண வேண்டும். வெளியை எடுத்தவர் அதற்குள் நடந்து சென்று ஒரு மரத்தையேனும் பெயர் சொல்லி அறிய வேண்டும். வளவுக்குரியவர் இருப்பின் அவரிடம் கேட்டே படலையைத் திறக்க வேண்டும். இல்லையெனின் அவர் இல்லாமையையும் படம் அறிந்திருத்தல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக ஓர் உரைகல் உண்டு. அப்படத்தை அந்நிலத்துக்குரியவரின் கையிற் கொடுக்கும்போது அவர் அதிலே தம் வளவைக் காண வேண்டும். "இது எங்கட கிணத்தடிச் செவ்வரத்தை" என்று அவர் சொல்வாராயின், அந்தப் பூ தன் நிலத்தையும் பொழுதையும் மீளப் பெற்றுவிட்டது எனலாம். "வடிவான படம்" என்று மட்டும் கூறி அவர் அதனைத் திருப்பித் தருவாராயின், படமெடுத்தவர் மீண்டும் ஒருமுறை அந்த வளவுக்குச் செல்ல வேண்டியவராகின்றார்.